உட்கார்ந்து தியானம் பண்ண முடியல, அன்றாட வேலைக்கு நடுவுல மைண்ட்ஃபுல்னஸ் பண்றது எப்படிங்க?

லேப்டிப்_ரிஜெக்ட்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். தெரியாதவங்களுக்கு சொல்றேன், பையருக்கும் (துணி வாங்கற வெளிநாட்டு கம்பெனி) பேக்டரிக்கும் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் திட்டு வாங்கற வேலைங்க அது. காலைல போனதும் டையிங்ல (சாயம் போடற இடம்) கேட்ட ஷேடு வரலைம்பாங்க, அப்புறம் பிரிண்டிங்காரர் போன் எடுக்க மாட்டார், மத்தியானம் ஜெர்மனிக்காரன் ஆபீஸ் திறந்து மெயில் போட ஆரம்பிச்சுருவான், அது ராத்திரி வரைக்கும் ஓடும்.

வேலை ஜாஸ்திங்கறது எல்லாருக்கும் இருக்கறதுதான், அதை நான் குறை சொல்லல. மண்டை நிக்க மாட்டேங்குது, அதான் பிரச்சினை. பொண்ணு ஸ்கூல்ல நடந்ததை சொல்லிட்டு இருப்பா, நானும் ம்ம் ம்ம்னு தலையாட்டிட்டு இருப்பேன், திடீர்னு "அப்பா, இப்ப நான் என்ன சொன்னேன் சொல்லு"ன்னு கேப்பா, எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, ஏன்னா நேவி ப்ளூ கலரை பையர் மறுபடி ரிஜெக்ட் பண்ணா சரக்கை ஏர்ல அனுப்பணும், அந்த காசு யார் தலைல விழும்னு நான் கணக்கு போட்டுட்டு இருந்திருப்பேன். சாப்பிட்டு கை கழுவும்போது என்ன சாப்பிட்டேன்னு யோசிக்க வேண்டியிருக்கு. படுத்தா நாளைக்கு வரப்போற மெயிலுக்கு இன்னைக்கே பதில் எழுதிட்டு இருக்கேன்.

நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு டாக்டர்கிட்ட போனேன். ஈசிஜி, பிபி, சுகர் எல்லாம் சரியா இருக்குன்னுட்டார். "ஸ்ட்ரெஸ்தான், மைண்ட்ஃபுல்னஸ் பண்ணுங்க, இப்ப நடக்கறதுல கவனத்தை வைக்கற பயிற்சி"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனை கூப்பிட்டாச்சு. ஒரு ஆப் இறக்கி கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். மூச்சை கவனின்னு அந்தம்மா இங்கிலீஷ்ல மெதுவா சொல்லுது, எனக்கு மூச்சை தவிர எல்லாம் ஞாபகம் வருது. உட்காராம இருந்தப்பவே தேவலைங்கற மாதிரி ஆயிடுச்சு.

அதனால கேக்கறேன். தனியா நேரம் ஒதுக்காம, இருக்கற வேலைக்குள்ளயே இதை பண்ண வழி இருக்குங்களா? எண்ணமே வராம இருக்கணுமா? வீட்டம்மா "பேசாம செவ்வாக்கிழமை மருதமலை போயிட்டு வாங்க"ன்றாங்க, அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்களா?

பல்லடத்துக்காரி:

தம்பி, முதல்ல அந்த "எண்ணமே வராம"ங்கறதை தூக்கி போடுங்க. நாம உசுரோட இருக்கற வரைக்கும் அது வரும். ஆப்ல உட்கார்ந்தப்ப மூச்சை விட்டுட்டு டையிங் யூனிட்டுக்கு போயிட்டோம்னு உங்களுக்கு தெரிஞ்சுதில்ல? அந்த தெரிஞ்ச நொடிதான் மைண்ட்ஃபுல்னஸ், நீங்க அதையே தோல்வின்னு எழுதிட்டு எந்திரிச்சுட்டீங்க. எங்க வீட்டுக்காரர் நிட்டிங் யூனிட்ல இருந்தவர், உங்களுக்கு புரியற மாதிரியே சொல்றேன், மிஷின்ல நூல் அறுந்தா லைட் எரியும், மிஷின் நிக்கும், ஆபரேட்டர் வந்து முடிச்சு போட்டு ஓட விட்டுட்டு போவார், நாளெல்லாம் அதுதான் அவர் வேலை. நூல் அறுந்துருச்சேன்னு யாராவது மிஷினை எடைக்கு போடறாங்களா?

இப்ப ஆஸ்பத்திரில சொல்ற மைண்ட்ஃபுல்னஸ் 1979ல அமெரிக்கால மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டி மெடிக்கல் ஸ்கூல்ல ஜான் கபட்-ஜின்னுன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. தீராத வலியோட இருந்தவங்க, டாக்டர்கள் மருந்து கொடுத்து கை விரிச்சவங்க, அவங்களைத்தான் அவர் முதல்ல சேர்த்துகிட்டார். 8 வாரம் கிளாஸ். மூலம் புத்தர் சொன்ன 'சதி'தான் (பாலி மொழி வார்த்தை, விழிப்போட கவனிக்கறதுன்னு அர்த்தம்), ஆனா சாமி, சடங்கு, நம்பிக்கைன்னு எதையும் கேக்காம பயிற்சியை மட்டும் எடுத்து வச்சார். அதனால மருதமலையும் போங்க, இதையும் பண்ணுங்க, ரெண்டும் சண்டை போடாது. (படி ஏறும்போது போனை வண்டில வச்சுட்டு ஏறுங்க, அதுவே பாதி பயிற்சி.)

அந்த கிளாஸ்ல முதல் நாள் ஒரே ஒரு உலர் திராட்சையை கைல கொடுத்து அஞ்சு பத்து நிமிஷம் அதோடவே இருக்க சொல்வாங்க. உருட்டி பார்க்கணும், வெளிச்சத்துல சுருக்கத்தை பார்க்கணும், காதுகிட்ட வச்சு நசுக்கி பார்க்கணும், மோந்து பார்க்கணும், அப்புறம்தான் வாய்ல. கேக்க கிறுக்குத்தனமா இருக்கும். நான் பண்ணி பார்த்தேன், நாக்குல வச்சும் கடிக்காம இருக்கறப்ப எச்சில் ஊறி வாய் தானா மெல்ல பார்க்குது பாருங்க, அந்த அவசரத்தை அதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்ல. நாம எல்லாத்தையும் அந்த அவசரத்துலதான் பண்றோம்.

உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. தினமும் எப்படியும் பண்ற வேலைல ஒண்ணை மட்டும் எடுத்துக்கோங்க, நாளெல்லாம் மைண்ட்ஃபுல்லா இருக்கேன்னு கிளம்பாதீங்க. குளிக்கறது வச்சுக்கலாம். முதல் சொம்பு தண்ணி தோள்ல விழறப்ப எங்க ஜில்லுங்குது, மூச்சு எப்படி ஒரு நிமிஷம் பிடிக்குது, சோப்பு வாசனை, முதுகுக்கு கை எட்டாத இடம், இவ்வளவுதான். நடுவுல நேவி ப்ளூ வரும். "ஆ, வந்துட்டியா"ன்னுட்டு அடுத்த சொம்புக்கு வாங்க. குளிச்சு முடிக்கறதுக்குள்ள முப்பது தடவை ஓடினாலும் சரி, முப்பது தடவை திரும்பி வந்தீங்கன்னு அர்த்தம்.

ஸ்காபரோ_தம்பி:

நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில இருக்கிறன். எனக்கு ரெண்டு மூண்டு தரம் டிப்ரெஷன் வந்து வந்து போனது. மருந்து எடுத்தா சுகம் வரும், ஒரு வருசத்தில திரும்பவும் வரும். பிறகு டொக்டர் ஒரு குரூப்புக்கு அனுப்பினவ, எம்பிசிடி எண்டு சொல்லுவினம், மைண்ட்ஃபுல்னஸையும் சிபிடியையும் (யோசிக்கிற விதத்தை மாத்தப் பழக்கிற பேச்சு சிகிச்சை) சேர்த்து செய்தது. அதை உண்டாக்கின மூண்டு பேரில ஒருத்தர் சிண்டெல் சேகல், இங்க ரொறன்ரோ யுனிவர்சிட்டி ஆள், மற்ற ரெண்டு பேரும் இங்கிலாந்து, மார்க் வில்லியம்ஸ், ஜோன் டீஸ்டேல். 2000ஆம் ஆண்டு அவையின்ர முதல் பெரிய ஆய்வு வந்தது. மூண்டு தரமோ அதுக்கு மேலயோ டிப்ரெஷன் வந்த ஆக்களில வழமையான சிகிச்சை மட்டும் எடுத்தவைக்கு 66 சதவீதம் திரும்ப வந்தது, இந்த வகுப்பும் செய்தவைக்கு 37. எனக்கு அந்த நம்பரை பார்த்த பிறகுதான் போய் இருக்க மனம் வந்தது, நான் அப்பிடி ஆள்.

உங்களுக்கு உதவக்கூடியது அதில ஒரு சின்ன சாமான் இருக்கு, மூண்டு நிமிச இடைவெளி. கண்ணை மூடவும் தேவையில்லை, கதிரையில இருந்தபடியே செய்யலாம். முதல் நிமிசம், இப்ப உள்ளுக்க என்ன நடக்குது எண்டு மட்டும் பாருங்கோ. மண்டையில என்ன ஓடுது, மனம் எப்பிடி கிடக்கு, உடம்பில எங்க இறுகிப்போய் கிடக்கு. மாத்த வெளிக்கிடாதேங்கோ, பெயர் வச்சா காணும். "பயம். தோள் இறுக்கம். அந்த மெயில்." ரெண்டாவது நிமிசம், எல்லாத்தையும் விட்டுட்டு மூச்சு மட்டும், வயிறு ஏறி இறங்கிறது. மூண்டாவது, மூச்சில இருந்து முழு உடம்புக்கும் விரிக்கிறது, கால் நிலத்தில படுறது, முதுகு கதிரையில சாயிறது, முகம். அவ்வளவும்தான், பிறகு மெயிலுக்கு பதில் எழுதலாம்.

நான் இதை வேலையில கார் பார்க்கிங்கில செய்யிறனான். ஆரம்பத்தில ஒரு மாற்றமும் விளங்கேல்ல. பிறகு ஒருநாள் மனுசியோட சண்டை தொடங்கப்போகுது, என்ர தாடை இறுகிறது எனக்கு முதலே தெரிஞ்சுது. அண்டைக்கும் சண்டை பிடிச்சனான்தான், பொய் சொல்லேல்ல, ஆனா பாதியில நிப்பாட்டினன்.

இன்னொண்டு, மூச்சை நீட்டி இழுக்கிறது, அடக்கிறது எல்லாம் பிராணாயாமம், நல்ல விசயம்தான், ஆனா இது அதில்லை. இதில மூச்சு எப்பிடி வருதோ அப்பிடியே விட்டுட்டு பார்க்கிறது. நிறைய பேர் ரெண்டையும் குழப்பிறவை.

வெள்ளிக்கிழமை_ரிலீஸ்:

எல்லாரும் அழகா சொல்றீங்க, நான் கொஞ்சம் கல்லை போட்டுட்டு போறேன்.

எங்க கம்பெனில (பேர் வேணாம்) மைண்ட்ஃபுல்னஸ் வெபினார் வச்சாங்க. எப்ப? சாஃப்ட்வேர் ரிலீஸ் அன்னிக்கு சாயங்காலம் 6 மணிக்கு, அட்டெண்டன்ஸ் கட்டாயம். "உங்க தோள்பட்டையை தளர்த்துங்க"ன்னு அவங்க சொல்லிட்டு இருக்கறப்பவே மேனேஜர் சாட்ல "பில்ட் என்னாச்சு"ன்னு கேட்டுட்டு இருக்கார். ஆள் எடுக்க மாட்டாங்க, டெட்லைன் நகர்த்த மாட்டாங்க, ஆனா உன் மனசை நீ சரி பண்ணிக்கோ. வேலை போடற பாரத்தை நம்ம தலைக்குள்ள இருக்கற கோளாறுன்னு திருப்பி விடறதுக்கு இதை விட சுலபமான வழி கிடையாது.

ரிசல்ட்டும் நீங்க நினைக்கற அளவுக்கு எல்லா இடத்துலயும் வரல. இங்கிலாந்துல 80க்கும் மேல ஸ்கூல்ல, 11லருந்து 14 வயசு வரைக்கும் உள்ள 8000க்கும் மேல பசங்களை வச்சு பெரிய ஆய்வு பண்ணாங்க, மிரியட்னு பேரு, 2022ல ரிசல்ட் வந்துச்சு. வழக்கமா நடத்தற பாடத்தை விட மைண்ட்ஃபுல்னஸ் கிளாஸ் ஒண்ணும் கூடுதலா கிழிக்கல. பாதிக்கு மேல பசங்க வீட்ல பயிற்சியே பண்ணல, அதுவும் ஒரு காரணம், விரும்பி வர்றவனுக்கும் பெல் அடிச்சு உட்கார வைக்கறவனுக்கும் வித்தியாசம் இருக்கும்ல.

அதனால லேப்டிப் சார், சொம்பு தண்ணி எல்லாம் சரி, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் பையர் வாட்ஸப்புக்கு பதில் போடறீங்க? அதை முதல்ல சொல்லுங்க.

லேப்டிப்_ரிஜெக்ட்:

@வெள்ளிக்கிழமை_ரிலீஸ் நல்லா மாட்டி விட்டீங்க 😀 ஜெர்மனிக்கும் நமக்கும் கோடைல மூணரை மணி நேரம், குளிர்காலத்துல நாலரை. அவங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிளம்பறப்ப எல்லாத்தையும் ஒரே மூட்டையா அனுப்பிட்டு போவாங்க, நமக்கு அப்ப எட்டரை, ஒன்பதரை. நான் பதினொண்ணு வரைக்கும் பதில் போடுவேன். நேர்மையா சொன்னா அதுல முக்காவாசி காலைல போட்டா போதும், அவங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி நமக்குத்தான் விடிஞ்சுருமே. ஆனா ப்ளூ டிக் போட்டுட்டு பதில் போடாம இருக்க கை நடுங்குது.

அக்கா சொன்ன குளியல் பண்ணி பார்த்தேங்க. சோப்பு போட்டனா இல்லையான்னு மறுபடி போடற பழக்கம் எனக்கு இருந்துச்சு, அது இல்ல. பெருசா வேற ஒண்ணும் தெரியல. பத்து நாள் கோர்ஸ் ஒண்ணு இருக்கு, ஒரேயடியா சரியாயிடும், போயிட்டு வான்னு பிரண்டு சொல்றான். போகலாமுங்களா?

சேலத்து_மாம்பழம்:

பத்து நாள் விபாசனா தியான கோர்ஸ் நான் போயிருக்கேன், சென்னை பக்கம் திருமுடிவாக்கத்துல இருக்கற சென்டர்ல. கோயங்கா முறை. அவர் பர்மால இருந்த பெரிய வியாபாரி, ஒத்தைத் தலைவலி தாங்காம ஊர் ஊரா வைத்தியம் பார்த்துட்டு கடைசில ஊ பா கின்னுன்றவர்கிட்ட போனார், அந்த குருவும் சாமியார் இல்ல, பர்மா கவர்மெண்ட்ல அக்கவுண்டன்ட் ஜெனரல். 1969ல கோயங்கா இந்தியா வந்து கோர்ஸ் நடத்த ஆரம்பிச்சார். பீஸ் கிடையாது, முடிச்சவங்க விருப்பப்பட்டா கொடுக்கலாம், அவ்வளவுதான்.

எழுப்பறது காலைல 4 மணிக்கு. போன் வாங்கி வச்சுருவாங்க, புஸ்தகம் பேனா கூட கூடாது, பக்கத்து பெட்காரர்கிட்ட பேச்சு கிடையாது, கண் ஜாடை கூட கிடையாது. ஒரு நாளைக்கு சுமார் பத்து மணி நேரம் உட்கார்றது. முதல் மூணு நாள் மூக்குக்கு கீழ மூச்சு படற இடத்தை மட்டும் பார்க்கணும். ரெண்டாம் நாள் எனக்கு முட்டி வலி கொன்னுடுச்சு, அதோட ஸ்கூல்ல சண்டை போட்டவன் மூஞ்சி எல்லாம் வரிசையா வருது, எவன் மேலயோ இருபது வருஷத்து கோவம். எனக்கு நல்லா இருந்துச்சு, மறுபடி போவேன். ஆனா நெஞ்சு படபடப்புக்கு நடுவுல இருக்கற ஒருத்தரை "ஒரேயடியா சரியாயிடும்"னு அங்க அனுப்பறது தப்பு. பார்ம்லயே மனநல பிரச்சினை இருக்கா, மாத்திரை எடுக்கறீங்களான்னு கேப்பாங்க, அதை மறைச்சு போறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அப்படி போகாதீங்க.

உங்க வாட்ஸப்புக்கு ஒண்ணு சொல்றேன். வியட்நாம் பிக்கு திக் நாட் ஹான் (2022ல காலமாயிட்டார்) பிரான்ஸ்ல பிளம் வில்லேஜ்னு ஒரு ஆசிரமம் 1982ல ஆரம்பிச்சார். அங்க கடிகார மணி அடிச்சாலோ போன் அடிச்சாலோ எல்லாரும் செஞ்ச வேலையை அப்படியே நிறுத்திட்டு மூச்சை பார்ப்பாங்க, கரண்டி கைல இருந்தாலும் சரி. போனை முதல் ரிங்லயே எடுக்க மாட்டாங்க. நான் கடைல இருக்கேன், சப்ளையர் கால் வந்தா மூணு மூச்சு விட்டுட்டுதான் எடுக்கறேன். ரெண்டு ரிங் கூட ஆகும், எந்த சப்ளையரும் அதுக்காக கட் பண்ணிட்டு போகல. முன்னாடி எடுத்த உடனே கத்துவேன்.

வார்டு_அக்கா:

நான் மதுரை பக்கம், மனநல வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். பொதுவா இந்த மாதிரி பேச்சுல தலையிட மாட்டேன், ஆனா தம்பி "உட்காராம இருந்தப்பவே தேவல"ன்னு எழுதியிருந்ததை யாரும் கண்டுக்காம போயிட்டீங்க.

படபடப்பு இருக்கறவங்க சிலருக்கு கண்ணை மூடி மூச்சையும் நெஞ்சையும் கவனிச்சா படபடப்பு கூடும். ஏற்கனவே நெஞ்சு அடிக்குதா அடிக்குதான்னு காவல் காத்துட்டு இருக்கற ஆள்கிட்ட இன்னும் நல்லா பாருன்னு சொன்ன மாதிரி ஆயிடும். தியானத்தால சிலருக்கு பதட்டம், தூக்கமின்மை எல்லாம் வருதுன்னு அமெரிக்கால பிரவுன் யுனிவர்சிட்டில வில்லோபி பிரிட்டன்ங்கறவங்களோட குழு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, அதனால இது உங்க குறை இல்ல. உங்களுக்கு கண்ணை திறந்து வச்சுகிட்டு உடம்புக்கு வெளிய ஆரம்பிக்கறது நல்லது. உள்ளங்கால் தரைல படறது, செருப்பு வார் அழுத்தற இடம். காதுல விழற சத்தம், உங்க ஊர்ல சத்தத்துக்கா பஞ்சம், பவர் டேபிள் (தையல் மிஷின்) ஓடற சத்தம், லாரி ரிவர்ஸ் எடுக்கற சத்தம், எது கிட்ட எது தூரம்னு பாருங்க. இல்ல டீ கிளாஸோட சூடு, விரல்ல எந்த இடத்துல சுடுது எந்த இடத்துல இல்லன்னு. அது பழகின பிறகு மூச்சுக்கு போங்க, போகாட்டியும் பரவால்ல.

வண்டி ஓட்டும்போது மூச்சை கவனிக்கறேன்னு கிளம்பிடாதீங்க, அப்ப கவனிக்க வேண்டியது முன்னாடி போற டெம்போவை.

அடுத்தது, ஈசிஜி சரியா இருக்குன்னதோட விட்டுடாதீங்க. தைராய்டு பார்த்தாங்களா? ரத்தத்துல ஹீமோகுளோபின்? ஒரு நாளைக்கு எத்தனை டீ? திருப்பூர் டீ கணக்கு எனக்கு தெரியும், எங்க அண்ணன் அங்கதான் இருந்தார். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காம, எதுலயும் பிடிப்பு இல்லாம இருந்தா, இல்ல செத்துடலாமான்னு ஒரு நினைப்பு ஓரமா வந்து போனாலும், சொம்பு தண்ணியை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க. 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கும், ஒரு சீட்டு போட்டா போதும்.

மாத்திரையா மைண்ட்ஃபுல்னஸான்னு சண்டை போடறவங்களுக்கும் ஒரு தகவல். 2022ல அமெரிக்கால ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டில ஒரு ஆய்வு, ஆங்சைட்டி டிஸார்டர் (பதட்ட நோய்) இருந்த 276 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு குழுவுக்கு எஸ்சிடலோப்ராம் மாத்திரை, இன்னொண்ணுக்கு அந்த 8 வார மைண்ட்ஃபுல்னஸ் கிளாஸ், கடைசில ரெண்டுலயும் பதட்டம் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைஞ்சிருந்துச்சு. இதை படிச்சுட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க ப்ளீஸ், வாரா வாரம் ரெண்டரை மணி நேரம் கிளாஸும் தினம் முக்கால் மணி நேரம் வீட்டுப்பாடமும் பண்ணவங்க அவங்க. எடுத்துட்டு இருக்கற மாத்திரையை டாக்டரை கேக்காம தானா விட்டுட்டு வார்டுக்கு வர்றவங்களை நான் வாரத்துக்கு வாரம் பார்க்கறேன்.

வெள்ளிக்கிழமை_ரிலீஸ்:

@வார்டு_அக்கா இப்படி சொன்னா நான் ஏத்துக்கறேன். ஒரு விஷயம் என் பக்கத்துலருந்தும் விட்டுக்கொடுக்கறேன், 2010ல ஹார்வர்ட்ல 2250 பேர்கிட்ட போன்ல அப்பப்ப "இப்ப என்ன பண்றீங்க, மனசு அதுலயே இருக்கா"ன்னு கேட்டு ஒரு ஆய்வு பண்ணாங்க. 47 சதவீத நேரம் மனசு வேற எங்கயோ இருந்திருக்கு, அப்படி இருந்தப்ப சந்தோஷமும் கம்மி. என்ன வேலை செய்யறோம்ங்கறதை விட மனசு அதுல இருக்கா இல்லையாங்கறதுதான் ஜாஸ்தி கணக்குல வந்துச்சாம். அதுக்காக பதினொரு மணி வாட்ஸப்பை நான் மன்னிக்க மாட்டேன்.

லேப்டிப்_ரிஜெக்ட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீங்கன்னு நினைக்கல.

அக்கா, டீ எண்ணி பார்த்தேன், வெளிய சொல்லற மாதிரி இல்ல. தைராய்டு பார்க்கல, இந்த வாரம் ரத்தம் கொடுத்துடறேன். செத்துடலாம்கற நினைப்பெல்லாம் இல்லீங்க, தூக்கம்தான் கெட்டிருக்கு, அதையும் டாக்டர்கிட்ட சொல்றேன், போன தடவை படபடப்பை மட்டும்தான் சொன்னேன். கோர்ஸ் இப்போதைக்கு வேணாம்.

சத்தம் கேக்கறது எனக்கு நல்லா செட் ஆகுதுங்க. செக்கிங் செக்‌ஷன்ல போய் சும்மா ஒரு நிமிஷம் நின்னேன், பொண்ணுங்க பிசிறு வெட்டற டிரிம்மர் சத்தம் டிக் டிக் டிக்னு ஒவ்வொரு டேபிள்லயும் ஒவ்வொரு வேகம், இத்தனை வருஷமா அங்கதான் நிக்கறேன், அது காதுல விழுந்ததே இல்ல. சூப்பர்வைசர் வந்து "என்னங்க சார், பீஸ் எதாவது கம்ப்ளைண்டா"ன்னு பயந்துட்டார்.

பையர்கிட்ட ஒன்பதரைக்கு மேல வர்றதுக்கு மறுநாள் காலைல பதில் போடறேன்னு ஒரு மெயில் டிராப்ட் பண்ணி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல. ஒரு சந்தேகம், பொண்ணு பேசறப்ப இதை எப்படி பண்றது? அங்க மூச்சை பார்த்தா அவ சொல்றதை விட்டுருவேனே.

பல்லடத்துக்காரி:

அங்க மூச்சு எதுக்கு தம்பி, அவ பேச்சுதான் அங்க உங்க உலர் திராட்சை. மூஞ்சியை பாருங்க, எந்த வார்த்தைக்கு கையை ஆட்டறா, யார் பேர் வந்தா குரல் ஏறுதுன்னு பாருங்க. நடுவுல நழுவினா மறைக்காதீங்க, "கண்ணு, அப்பா ஒரு நிமிஷம் ஆபீஸ் போயிட்டேன், மறுபடி சொல்லு"ன்னு கேட்டுருங்க, புள்ளைங்க அதுக்கெல்லாம் கோச்சுக்காது. போனை வேற ரூம்ல வச்சுட்டு கேளுங்க, சைலண்ட்ல போட்டு பாக்கெட்ல வச்சா கணக்கு இல்ல.

அந்த மெயிலை அனுப்புங்க முதல்ல.